ஹாட் பாக்ஸ் செய்யும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

நான் செய்த முதல் பெட்டி, கேட்டரிங் நடத்தும் நண்பர் ஒருவருக்காக. காலையில் சமைத்து, 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தொழிற்சாலைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகிறவர் அவர். தகரப் பெட்டி, உள்ளே தெர்மாகோல், அடியில் 100 வாட் ஹீட்டர், வேனின் பேட்டரியிலிருந்து ஒரு ஒயர். மூன்றாம் நாள் திறந்து பார்த்தால், ஹீட்டரை ஒட்டியிருந்த தெர்மாகோல் பொரித்த அப்பளம் போலச் சுருங்கிக் கிடந்தது. சாம்பாரோ வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அந்தப் பெட்டியில் இருந்த ஒவ்வொரு தவறையும் பிறகு மற்றவர்கள் செய்த பெட்டிகளிலும் பார்த்துவிட்டேன்.

ஹீட்டரை அடுப்பாக நினைப்பது

மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. 20 லிட்டர் சாம்பார் 40 டிகிரிக்கு ஆறிவிட்டது என்று வையுங்கள். அதை மீண்டும் 75 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 2,800 கிலோஜூல் வேண்டும். 100 வாட் ஹீட்டர் ஒரு துளி வெப்பத்தையும் வெளியே விடாமல் முழுதாகக் கொடுத்தாலும் இதற்கு எட்டு மணி நேரம் ஆகும். மதியச் சாப்பாடு இரவுச் சாப்பாடாகிவிடும்.

நேரம் போவதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. சூடாகப் பரிமாற வேண்டிய உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அதற்குக் கீழே இறங்கினால் சோற்றில் பேசில்லஸ் சீரியஸ், பெரிய அண்டாக் குழம்பில் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் போன்ற கிருமிகள் பெருகத் தொடங்கும். இவற்றின் வித்துகள் கொதிநிலையையே தாங்கிக்கொண்டு காத்திருப்பவை. சோற்றில் பேசில்லஸ் விட்டுப்போகும் ஒருவகை நச்சு, மறுபடி சுடவைத்தாலும் போகாது. மெதுவாகச் சூடேறும் பெட்டி இந்தக் கிருமிகளுக்கு நல்ல அடைகாக்கும் கருவி.

ஆகவே உணவு அடுப்பிலிருந்து 85 டிகிரிக்கு மேல் இறங்கிய கையோடு பெட்டிக்குள் போக வேண்டும். வழியில் கசிகிற வெப்பத்தை ஈடுகட்டுவது மட்டுமே ஹீட்டரின் வேலை. அந்தக் கசிவு எவ்வளவு என்று கணக்குப் போடாமல் வாட் எண்ணைத் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்வது.

சுவரைத் தடிமனாக்கிவிட்டு மூடியை மறப்பது

50 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம் உள்ள பெட்டி. சுவரில் 4 சென்டிமீட்டர் பஃப், அதாவது பாலியூரித்தேன் நுரை. உள்ளே 75 டிகிரி, வெளியே 33. சுவர்கள் வழியாகப் போகும் வெப்பம் சுமார் 30 வாட்தான். ஒரு சின்ன பல்பு அளவு. இந்தக் கணக்கைப் போட்டதும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இரண்டு முறை போட்டேன்.

அப்படியானால் சாம்பார் ஏன் ஆறுகிறது? ஆவி. மூடியின் இடுக்கு வழியே மணிக்கு 100 கிராம் நீராவி தப்பினால், அது சுமந்துபோகும் வெப்பம் ஏறத்தாழ 64 வாட். அதாவது எல்லாச் சுவர்களும் சேர்ந்து விடுவதைப்போல இரண்டு மடங்கு. பஃப் தடிமனை 4 சென்டிமீட்டரிலிருந்து 6 ஆக்கச் செலவழிக்கும் பணத்தில் மூடியின் இடுக்கை அடைக்கும் நல்ல சிலிக்கான் கேஸ்கட்டும் இரண்டு பக்கமும் இழுத்துப் பூட்டும் கொக்கிகளும் வாங்கிவிடலாம். உள்ளே இருக்கும் பாத்திரத்துக்கும் தனியாக ஒரு இறுக்கமான மூடி வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. வடை, பூரி, தோசை போன்றவற்றை இப்படி அடைத்தால் தங்கள் ஆவியிலேயே நனைந்து தொய்ந்துவிடும். அவற்றுக்குச் சின்னத் துவாரமும் உலர்ந்த சூடும் தேவை. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் ஏற்ற நினைப்பவரிடம் நான் வாதாடுவதில்லை. இரண்டு பெட்டிக்கு விலை சொல்லிவிடுகிறேன்.

பலர் கண்ணுக்குப் படாத இன்னொரு கசிவு மூடி உட்காரும் விளிம்பு. அழகாக இருக்கட்டும் என்று உள் தகட்டையும் வெளித் தகட்டையும் விளிம்பில் ஒரே எவர்சில்வர் பட்டையால் இணைத்துவிடுகிறார்கள். எவர்சில்வர், பஃபைவிட 600 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஒரு மில்லிமீட்டர் பட்டை அந்த 4 சென்டிமீட்டரைத் தாண்டிப் பெட்டியைச் சுற்றி ஓடினால், கணக்குப்படி அது மட்டுமே முழுச் சுவரும் விடும் அளவுக்கு வெப்பத்தை வெளியே விடும். கை வைத்தாலே தெரியும்: பக்கச் சுவர் குளிர்ந்திருக்கும், விளிம்பு சுடும். அந்த இடத்தில் உலோகத்தை முறித்து, சூடு தாங்கும் பிளாஸ்டிக் பட்டையைக் கொடுங்கள்.

பொருளும் இடமும்

தெர்மாகோல் வெப்பத்தைத் தடுப்பதில் மோசமில்லை. 80 டிகிரியை நெருங்கினால் இளகிவிடுவதுதான் அதன் குறை. சூடான உணவுப் பெட்டிக்கு அது ஆகாது. கண்ணாடி இழைப் பஞ்சு சூடு தாங்கும், ஆனால் ஆவியைக் குடித்து நனைந்துவிட்டால் உதவாது. பஃப் இரண்டுக்கும் நடுவில் வசதியாக உட்காருகிறது. ஆனால் அது எரியும் பொருள். எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். ஆகவே ஹீட்டர் கம்பியைப் பஃபுக்குள் நேராகப் புதைப்பது மன்னிக்க முடியாத தவறு. நைக்ரோம் கம்பியைச் சுற்றி ஒட்டிவிட்டு ‘ஓடுகிறதே’ என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சிலிக்கான் ரப்பர் ஹீட்டரை உள் தகட்டில் ஒட்டுங்கள். சூட்டுக்கேற்ப ஹீட்டரைத் தானே போட்டு அணைக்கும் தெர்மோஸ்டாட் ஒன்று, அது ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டால் மின்சாரத்தை வெட்ட அதே வரிசையில் தனியாக ஒரு தெர்மல் ஃபியூஸ். இந்த இரண்டாவதை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஹீட்டரை எங்கே வைப்பது என்பதும் உணவைப் பொறுத்தது. ரசத்துக்கு அடியில் சூடு கொடுத்தால் அது தானே சுழன்று முழுதும் சூடாகும். பொங்கல் அசையாது, அடியில் பிடிக்கும், நடுவில் ஆறும். கெட்டியான உணவுக்கு வலுவான அடி ஹீட்டரைவிடப் பக்கங்களில் பரவலாகக் கொடுக்கும் மெல்லிய சூடு நல்லது. சூட்டை அளக்கும் உணரியை ஹீட்டர் தகட்டிலேயே ஒட்டிவிட்டால், அது தகட்டின் சூட்டைத்தான் சொல்லும். திரையில் 80 என்று மின்னும்போது பொங்கலின் நடுவில் 58 இருக்கலாம். தகட்டில் உள்ளது ஹீட்டரைக் கட்டுப்படுத்தட்டும். சாப்பாட்டின் சூட்டை, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரால் அளந்து எழுதிவையுங்கள்.

பேட்டரி

12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். ஸ்கூட்டரின் 5 ஆம்பியர்-மணி பேட்டரி இதை ஒரு மணி நேரம்கூடச் சரியாகத் தாங்காது. வேனில் சமாளிக்கலாம், ஆனால் வண்டிச் சாவியை எடுத்ததும் ஹீட்டரும் அணையும்படி ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வையுங்கள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை 3 மீட்டர் இழுத்தால், போகவர ஒரு வோல்ட் வழியிலேயே தொலையும். ஹீட்டருக்கு ஆறில் ஒரு பங்கு சூடு குறையும். அதில் ஏறக்குறையப் பாதி ஒயருக்குள் ஏறும். தடித்த ஒயர் போடுங்கள்.

கழுவுவதைப் பற்றி ஒரே வார்த்தை: பெட்டியைக் கழுவப்போகிறவர் உங்களைப்போல அதை மென்மையாகக் கையாள மாட்டார். உள் மூலைகள் வளைவாக, இணைப்புகள் நீர் புகாதபடி, ஒயர் பிளக்கோடு கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

சோதிக்காமல் கொடுத்துவிடுவது

ஹீட்டரைப் பொருத்துவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். 20 லிட்டர் வெந்நீரை 85 டிகிரியில் ஊற்றி மூடி, அரைமணிக்கு ஒருமுறை அளவெடுங்கள். தெர்மாமீட்டரின் கம்பியை முன்கூட்டியே உள்ளே விட்டுவைத்தால் மூடியைத் திறக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன பெட்டியில் மணிக்கு 3 டிகிரிக்குள் இறங்கினால் வேலை நன்றாக இருக்கிறது. நான்கு மணி நேரப் பயணத்துக்கு ஹீட்டரே வேண்டாம் என்று அப்போதுதான் சிலருக்குத் தெரியவரும். என் நண்பரின் இரண்டாவது பெட்டியில் இன்றுவரை ஹீட்டர் கிடையாது. மணிக்கு 10 டிகிரி இறங்கினால் கசிவைத் தேடுங்கள், வாட்டைக் கூட்டாதீர்கள்.

பிறகு பாத்திரத்தில் 5 லிட்டர் மட்டும் ஊற்றி மறுபடி சோதியுங்கள். கசிவு ஏறக்குறைய அதேதான். வெப்பத்தைச் சேர்த்துவைத்திருக்கும் உணவு கால் பங்கு. சூடு நான்கு மடங்கு வேகத்தில் இறங்கும். குளிர்ந்த பெட்டித் தகடே முதலில் சில டிகிரியை விழுங்கிவிடும், ஆகவே உணவு ஏற்றுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் உள்ளே வெந்நீர் ஊற்றி வைத்து வடித்துவிடுவது நல்லது. ஆர்டர் குறைவாக உள்ள நாளில்தான் ‘இன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது’ என்று போன் வரும்.