காலனிக்கால அமெரிக்க முன்னோரைத் தேடுவது எப்படி? நீதிமன்றத் தாளும் சபைப் பதிவேடும்

போன வருஷம் தோழி ஒருத்தி என்னிடம் ஒரு வேலை கொடுத்தாள். அவள் கணவர் அமெரிக்கர். 1600களில் மாசசூசெட்ஸில் வாழ்ந்த ஒரு பாட்டியின் பெயர் அவர்கள் வீட்டில் வழிவழியாக வந்திருக்கிறது. ஊர்ப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. "இனி எங்கே தேடுறது?" என்றாள். நீதிமன்றத்திலும் தேவாலயத்திலும்தான். அந்தத் தேடலில் கற்றதைப் புதிதாகத் தொடங்குவோருக்காக எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு எல்லாரும் இணையத்தில் பார்க்கக்கூடிய ஒரு குடும்பம்: 1692-இல் சூனியக்காரி என்று தூக்கிலிடப்பட்ட ரெபேக்கா நர்ஸின் குடும்பம்.

படி 1: ஊரை உறுதி செய்யுங்கள்

இன்றைய தலைமுறையிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள். எந்த ஊர், எந்த கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) என்று தெரிந்தால்தான் எந்த நீதிமன்றம் என்று தெரியும். ஊர்ப்பெயர்கள் மாறியிருக்கும். ரெபேக்கா வாழ்ந்த சேலம் கிராமம் இன்று டான்வர்ஸ். அது எசெக்ஸ் கவுண்டியில் இருக்கிறது.

பெயரை ஒலியை வைத்துத் தேடுங்கள். ஒரே ஆளின் பெயரை எழுத்தர்கள் நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

படி 2: நீதிமன்றத் தாள்களில் சாட்சிகளைப் படியுங்கள்

நீதிமன்றம் என்றாலே குற்றவாளி என்று நினைத்து, "எங்க தாத்தா மேல கேஸ் எதுவும் இருந்திருக்காது" என்று பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். வேலித் தகராறு, கடன், வரப்புச் சண்டை என்று அன்றைக்கு எல்லாமே நீதிமன்றத்துக்குத்தான் போனது. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்லப் போனார். சாட்சி சொன்னவரின் வயதைப் பெரும்பாலும் எழுத்தர் குறித்துவைத்தார்.

ரெபேக்கா வழக்கில் சாரா நர்ஸ் என்ற பெண்ணின் வாக்குமூலம் இருக்கிறது. "வயது 28 அல்லது அதை ஒட்டி" என்று தொடங்குகிறது. 1692 ஜூன் 29 அன்று நீதிமன்றத்தில் தான் கண்டதைச் சொல்கிறார்: பிபர் என்ற பெண் தன் உடையிலிருந்து குண்டூசிகளை உருவினாள், விரல்களுக்கிடையே பிடித்துக்கொண்டு முழங்காலைக் கட்டிக்கொண்டாள், பிறகு, நர்ஸ் அம்மாள் என்னைக் கிள்ளுகிறாள் என்று அலறினாள். இந்தச் சில வரிகளைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இனி ஆய்வாளராகப் பாருங்கள். சாரா 1664 வாக்கில் பிறந்தவர். நர்ஸ் குடும்பத்துப் பெண். ஆனால் மகளா, மருமகளா? அந்தத் தாள் சொல்லவில்லை. அதனால் உங்கள் குறிப்பேட்டில் 'மகள்' என்று எழுதாதீர்கள். தாள் சொன்னதை மட்டும் எழுதுங்கள்.

படி 3: தேதியைச் சரிபாருங்கள்

1752 வரை ஆங்கிலேயக் காலனிகளில் புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. ரெபேக்காவைப் பிடிக்க ஆணை வந்தது மார்ச் 23. விசாரணை மார்ச் 24, அதாவது பழைய கணக்கில் ஆண்டின் கடைசி நாள். நம் கணக்கில் அது 1692. பழைய கணக்கில் 1691. எழுத்தர்கள் பலர் 1691/2 என்று இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால், ஜூலை 19 அன்று தூக்கிலிடப்பட்டவர் பதினாறு மாதம் சிறையில் இருந்ததாகக் கணக்கு வரும். உண்மையில் நான்கு மாதம்கூட ஆகவில்லை. 'முதல் மாதம்' என்று கண்டால் அது மார்ச்.

படி 4: சபைப் பதிவேட்டுக்குப் போங்கள்

இங்கே திருமணத்தைத் தேடாதீர்கள். தொடக்ககால நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸும் அதன் சுற்றுப்புறமும்) குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்குத் திருமணம் அரசு சார்ந்த ஒப்பந்தம். அதை நடத்தியவர் மாஜிஸ்திரேட். சபைப் பதிவேட்டில் கிடைப்பவை ஞானஸ்நானம், உறுப்பினர் சேர்க்கை, வேறு ஊர்ச் சபைக்கு மாற்றம், கண்டிப்பு, பாவ அறிக்கை. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தாயோ தகப்பனோ சபையில் சேர்ந்த பிறகு நாலைந்து பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம் நடந்திருக்கும்.

படி 5: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

பெண்களின் பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க இந்தப் படிதான் கைகொடுக்கும். கல்யாணத்தோடு குடும்பப் பெயர் மாறிவிடும். நர்ஸ், ஈஸ்டி, க்ளாய்ஸ் என்ற மூன்று பெயர்களைப் பார்த்தால் உறவு தெரியாது. 1692 ஏப்ரல் 11 அன்று சாரா க்ளாய்ஸ் விசாரணையில் மயங்கிச் சாய்கிறார். குற்றம்சாட்டியவர்கள், "இவள் ஆவி சிறையிலிருக்கும் சகோதரி நர்ஸிடம் போய்விட்டது" என்று கத்துகிறார்கள். எழுத்தில் ஏறிவிட்டது ஒரு உறவு.

ஆனால் 'சகோதரி' என்ற சொல் அன்று நாத்தனார், கொழுந்தியாள், சபைத் தோழி என எல்லாருக்கும் பொருந்தியது. நம்மிடம் சித்தி, அத்தை, மாமி என்று தனித்தனிச் சொல் இருப்பதால் இந்த இடத்தில் எளிதில் ஏமாந்துவிடுவோம். மாமியாருக்கான ஆங்கிலச் சொல் (mother-in-law) அன்று மாற்றாந்தாயையும் குறித்தது. ஆகவே இரண்டாவது சான்று வேண்டும். அது சேலம் கிராமச் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. 1706-இல் ஆன் புட்னம், தான் சிறுமியாக இருந்தபோது சொன்ன குற்றச்சாட்டுகளுக்காகச் சபை முன் எழுந்து நிற்க, போதகர் அவளுடைய அறிக்கையை வாசித்தார். "நர்ஸ் அம்மாளையும் அவர் சகோதரிகள் இருவரையும்" குற்றம்சாட்டியதற்காக மண்ணில் விழுந்து வருந்துவதாக அதில் இருக்கிறது. அந்த இருவரில் ஒருவர் சாரா க்ளாய்ஸ், இன்னொருவர் மேரி ஈஸ்டி. இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில் ரெபேக்காவுக்கு ஞானஸ்நானம் நடந்த பதிவு டௌன் என்ற குடும்பப் பெயரைத் தருகிறது.

படி 6: சொத்துப் பங்கீடு

உயில் இல்லாமல் இறந்தவரின் பாகப்பிரிவினையை விடாதீர்கள். மாசசூசெட்ஸில் மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. பிள்ளைகளுக்குரிய சொத்து எட்டுப் பங்காகப் பிரிந்து, மூத்த மகனுக்கு இரண்டு போயிருந்தால் பிள்ளைகள் ஏழு பேர். ஆறு பெயர்தான் உங்களிடம் இருந்தால் ஒருவரை இன்னும் தேட வேண்டும்.

எங்கே பார்ப்பது?

ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் பல கவுண்டிகளின் உயில், சொத்துப் பதிவுகளைப் படமாகப் பார்க்கலாம். வர்ஜீனியா பல்கலைக்கழகம் சேலம் வழக்குத் தாள்களைப் படியெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. சபைப் பதிவேடுகளுக்கு பாஸ்டனின் காங்கிரிகேஷனல் நூலகம்.

பதிவேட்டின் பக்கத்தைப் புரட்டும்போது ஓரங்களையும் பின்னால் வரும் ஆண்டுகளையும் பாருங்கள். 1692 ஜூலை 3 அன்று சேலம் நகரச் சபை (கிராமச் சபை அல்ல) ரெபேக்காவைச் சபையிலிருந்து நீக்கியது. அவர் பிள்ளைகள் விடவில்லை. 1712-இல் அதே சபை கூடி அந்த நீக்கத்தை ரத்து செய்தது.