‘ஹாவ்’ போட்டால் ‘யெஸ்டர்டே’ போடாதீர்கள்

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளின் ஆங்கிலக் கொப்பிகளைத் திருத்தும்போது என் சிவப்புப் பேனை அதிகம் நிற்கிற இடம் பிரசன்ட் பேர்ஃபெக்ட். அதாவது ‘ஹாவ்’ அல்லது ‘ஹாஸ்’ போட்டு, பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வருகிற வசனம். விதியைக் கேட்டால் மடமடவென்று சொல்வார்கள். எழுதும்போது தமிழில் யோசித்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள், அங்கேதான் பிழை வருகிறது.

“நேற்றுக் கடிதம் அனுப்பியிருக்கிறேன்” என்று நாம் சொல்வோம், தமிழில் அது சரி. ஆனால் “ஐ ஹாவ் சென்ட் த லெட்டர் யெஸ்டர்டே” என்பது பிழை. நேற்று, போன கிழமை, 2013இல் என்று முடிந்துபோன ஒரு நேரத்தைச் சொல்லிவிட்டால் அங்கே ஹாவுக்கு வேலை இல்லை. “ஐ சென்ட் த லெட்டர் யெஸ்டர்டே”, அவ்வளவுதான். யாழ்தேவி ரயில் திரும்பவும் கிளிநொச்சிக்கு வந்தது 2013 செப்டெம்பரில், ஆகவே “த ட்ரெயின் கேம் பேக் இன் 2013”.

சரி, அப்போ ஹாவ் எதற்கு? மாரியில் முரசுமோட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். “தே ஹாவ் ஓப்பன்ட் த கேட்ஸ்” என்றால் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தாயிற்று, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது, மாட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டுபோ என்று அர்த்தம். “தே ஓப்பன்ட் த கேட்ஸ் இன் டிசெம்பர் 2018” என்றால் அது அந்த வருட வெள்ளத்தின் கதை, இப்போது கதவு எப்படி இருக்கிறது என்பது அதில் இல்லை. திறந்தது இரண்டிலும் முன்னமேதான், ஆனால் ஹாவ் போட்டதும் அதன் விளைவு இப்போது நம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

அடுத்தது, “ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 2010”. “2010இலிருந்து இங்கே இருக்கிறேன்” என்று தமிழில் நிகழ்காலம் வருவதால் ஆங்கிலத்திலும் அதையே போடுகிறோம். அன்று தொடங்கி இன்றுவரை நீளும் விசயத்துக்கு அங்கே ஹாவ் கட்டாயம் வேண்டும்: “ஐ ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2010”. வேலை விண்ணப்பங்களில் இந்தப் பிழை முதல் பந்தியிலேயே கண்ணில் குத்தும், தயவுசெய்து அனுப்ப முதல் ஒருதரம் பாருங்கள். அப்புறம், தொடங்கிய நேரத்துக்குத்தான் ‘சின்ஸ்’. எவ்வளவு காலம் என்றால் ‘ஃபோர்’, “ஃபோர் டென் இயர்ஸ்”.

கடைசியாக, ‘கோன்’, ‘பீன்’. “அப்பா கொழும்புக்குப் போயிருக்கிறார்” என்றால் அவர் இப்போது அங்கே நிற்கலாம், முன்பு போய் வந்தவராகவும் இருக்கலாம், தமிழ் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். ஆங்கிலம் கொடுக்காது. என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி, தகப்பன் கொழும்புக்குப் போய் மருத்துவப் பரிசோதனையை முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகு, வெளிநாட்டு அலுவலகம் ஒன்றுக்கு “மை ஃபாதர் ஹாஸ் கோன் டு கொழும்பு” என்று மின்னஞ்சல் போட்டாள். ‘கோன்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை. அவர்களும் அப்படியே விளங்கிக்கொண்டு, அவர் வந்ததும் அறிவியுங்கள் என்று பதில் எழுதிவிட்டார்கள், அவரோ பக்கத்துக் கதிரையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். “ஹாஸ் பீன் டு கொழும்பு” என்று திருத்தி மறுபடி அனுப்பினோம்.