ஏரிக்குள் மண் இறங்காமல் தடுக்க: நீர்ப்பிடிப்புப் பகுதியில் செய்ய வேண்டிய வேலைகள்

ஏரி மேடேறிவிட்டது என்று தெரிந்ததும் பெரும்பாலான இடங்களில் முதலில் வந்து நிற்பது மண் அள்ளும் இயந்திரம்தான். தூர்வாருவதில் தவறில்லை. ஆனால், மேட்டு நிலத்திலிருந்து மண் இறங்கிக்கொண்டே இருக்கும்போது ஏரியின் அடியை மட்டும் தோண்டினால், சில ஆண்டுகளில் அதே செலவை மறுபடியும் செய்ய நேரிடும். ஆகவே, நீர் பிரியும் மேட்டில் வேலையைத் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கி, ஏரிக்கரையைக் கடைசியாகத் தொடுவதே சரியான வரிசை.

ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மேல்மண் அரித்துப் போனால் யாருடைய கண்ணுக்கும் அது தெரியாது. அளந்து பார்த்தால் அது 10 கன மீட்டர், ஏறக்குறைய 13 டன் மண். அந்த மண்ணின் நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் உரத்திலும் சாணத்திலும் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஏரிக்கு வந்து சேர்கிறது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், 226 என்ற எண்ணால் குறிக்கப்படும் ஏரியை ஆய்வாளர்கள் 1973-இல் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும், மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்ந்த பாதிதான் நீலப்பச்சைப்பாசி மண்டிப் பச்சையாக மாறியது. மண்ணைத் தடுப்பதும் பாசியைத் தடுப்பதும் பெருமளவு ஒரே வேலை என்பதற்குக் காரணம் இதுவே.

எந்த வரத்துக்கால் அதிக மண்ணைக் கொண்டுவருகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும். நல்ல மழை பெய்து நீர் வரத் தொடங்கும் வேளையில், ஏரிக்குள் நுழையும் ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரே அளவுள்ள கண்ணாடிப் புட்டியில் நீர் பிடித்து, பெயர் எழுதி ஒட்டி, மறுநாள் வரை அசைக்காமல் வையுங்கள். அடியில் தங்கிய மண்ணின் உயரத்தையும், மேல்நீர் இன்னும் கலங்கியிருக்கிறதா என்பதையும் ஒப்பிட்டாலே எந்தப் பக்கம் முதலில் போக வேண்டும் என்பது விளங்கிவிடும். பிறகு அந்த வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு மேலே நடக்க வேண்டும். வயல்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சரிவில் நேராக இறங்கும் மண்சாலையும் அதன் ஓர வடிகாலும் பல இடங்களில் வயலைவிட அதிகமாக அரிக்கின்றன.

சரிவு நிலத்தில் வரப்பும் உழவும் சம உயரக் கோட்டில் அமைய வேண்டும். அந்தக் கோட்டைக் குறிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. இரண்டு கழிகளை மேலே சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு குறுக்குச் சட்டத்தைப் பொருத்தி, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் போதும். இரு கால்களையும் தரையில் ஊன்றி, நூல் சட்டத்தைத் தொடும் இடத்தைக் குறித்துக்கொண்டு, கால்களை இடம் மாற்றி வைத்து மீண்டும் குறித்தால், இரண்டு குறிகளுக்கும் நடுப்புள்ளியே மட்டத்தைக் காட்டும். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி ஒரு காலை ஊன்றி மறு காலைச் சுழற்றிக்கொண்டே போய், ஒவ்வோரிடத்திலும் முளை அடித்துவந்தால் கோடு தானாக உருவாகும். நீர் எளிதில் உறிஞ்சப்படும் மண்ணுக்கு இந்த மட்டக்கோடு பொருந்தும். களிமண் நிலத்தில் நீர் தேங்கி வரப்பு வெடித்து உடையும் என்பதால், புல் வளர்ந்த வடிகாலை நோக்கிச் சற்றே சரிவு கொடுத்து அமைப்பது நல்லது. வரப்பின் மீது வெட்டிவேர் நாற்றுகளை 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நட்டால், அவை அடர்ந்த வேலியாகி மண்ணை வடிகட்டும்.

ஓடைகளில் கல் தடுப்பு கட்டும்போது ஒரே பெரிய தடுப்பைவிடச் சிறியவை பல இருப்பதே பாதுகாப்பு. கீழ்த் தடுப்பின் உச்சி, மேல் தடுப்பின் அடிக்கு மட்டமாக இருக்க வேண்டும். அதாவது 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் ஓடையில் 1 மீட்டர் உயரத் தடுப்புகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரும். நடுப்பகுதியை ஓரங்களைவிடத் தாழ்வாக விட்டு, இரு முனைகளையும் கரைக்குள் பதித்து, நீர் விழும் இடத்தில் கற்களைப் பரப்ப வேண்டும். இவற்றுள் ஒன்று விடுபட்டாலும் வெள்ளம் தடுப்பைச் சுற்றிக்கொண்டோ அடியைக் குடைந்தோ போய்விடும்.

மேட்டு நிலத்தாரிடம் பேசும்போது ஏரியின் அழகைப் பற்றிப் பேசுவதில் பெரிய பயனில்லை. அவர்கள் உரமிட்ட மேல்மண் அவர்கள் வயலிலேயே தங்கும் என்பதுதான் அவர்களுக்கான ஆதாயம். பேச்சை அங்கிருந்தே தொடங்குங்கள். உரத்தை மண்பரிசோதனையின்படி இடுவதையும், கனமழைக்கு முன்பு இடாமல் இருப்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லலாம்.

ஏரியின் வாயிலில் வண்டல் குழி ஒன்றை வெட்டி வைக்கலாம். அகன்ற குழியில் நீரின் வேகம் குறைவதால் மணல் அங்கேயே படியும். ஆனால் பாஸ்பரஸைச் சுமந்துவரும் நுண்களிமண் அவ்வளவு விரைவில் படியாது என்பதால், குழியை நம்பி மேட்டு வேலையைக் கைவிட முடியாது. முதல் பெருமழைக்குப் பின் எல்லாத் தடுப்புகளையும் நடந்து பார்த்து, சரிந்த கற்களை உடனே அடுக்கிவிட வேண்டும். குழி பாதி நிரம்பியதும் வண்டலை அள்ளிவிடுங்கள். ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்காத வாய்க்கால் என்று உறுதியானால், அதை மேட்டு வயல்களுக்கே திருப்பிக் கொடுக்கலாம்.