‘ஜங்க்’ நாவலைப் படித்துப் பேசவும் எழுதவும்

மெல்வின் பர்ஜெஸின் ‘ஜங்க்’ பிரிட்டனில் 1996இல் வெளிவந்து சிறார், இளையோர் நூல்களுக்கு அங்கே தரப்படும் கார்னகி பதக்கத்தை அந்த ஆண்டுக்குப் பெற்றது. அமெரிக்கப் பதிப்பின் பெயர் ‘ஸ்மாக்’. இரண்டும் ஒரே புத்தகம்தான், தெரியாமல் இரண்டு தடவை வாங்கிவிட வேண்டாம். பதினான்கு வயதில் வீட்டைவிட்டுக் கிளம்பும் டார், ஜெம்மா என்ற இருவர் பிரிஸ்டல் நகரில் ஹெராயினுக்குள் போவதுதான் கதை. இதைப் பற்றி எழுத உட்காருபவர்களில் பலர் “போதையின் தீமையை ஆசிரியர் அழகாக உணர்த்துகிறார்” என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அதற்குச் சுவரில் ஒட்டும் போஸ்டரே போதும், நாவல் எதற்கு?

முதல் தடவை கோடு போடாமல், குறிப்பெடுக்காமல் படித்து முடியுங்கள். ஒன்றை மட்டும் எழுதி வைத்தால் போதும்: எந்த அத்தியாயம் யார் வாயிலிருந்து வருகிறது என்பது. இந்த நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒருவர் ‘நான்’ என்று சொல்கிறார். டார், ஜெம்மா இருவருக்கும்தான் அதிக இடம். நடுநடுவே ஹெராயின் எடுக்கும் தோழி லில்லி, சிகரெட் கடைக்காரர் ஸ்கோலி, ஆளில்லாத வீட்டில் இவர்களைத் தங்க வைக்கும் ரிச்சர்ட், அதே வீட்டில் இருக்கும் வானி என்று மற்றவர்களும் பேசுகிறார்கள். இவர்கள் சொல்வதை எல்லாம் ஆசிரியர் சொல்வதாக எடுத்துக்கொண்டால் ஒரு பக்கத்தில் போதைக்கு விளம்பரம் போலவும் மறுபக்கத்தில் எச்சரிக்கை போலவும் தெரிந்து குழப்பும்.

இரண்டாவது வாசிப்பில்தான் உண்மையான வேலை. நோட்டின் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம், பாத்திரம் தன்னைப் பற்றிச் சொல்வது, பக்க எண்ணோடு. வலப்பக்கம், அதே ஆளைப் பற்றி இன்னொருவர் சொல்வது, அல்லது அதே ஆள் பிறகு செய்வது. “எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம்” என்ற பொருளில் வரும் ஒவ்வொரு இடத்தையும் இடப்பக்கம் ஏற்றிக்கொண்டே வாருங்கள். வலப்பக்கம் தானாக நிரம்பும். மசாஜ் பார்லர் என்ற பெயரில் நடக்கும் பாலியல் தொழிலை ஜெம்மா எந்தக் குரலில் சொல்கிறாள் என்று பாருங்கள். வெட்கமோ அழுகையோ கிடையாது, மளிகைக் கணக்கு சொல்வது போல ஒரு சாதாரணம். அந்தச் சாதாரணம்தான் கவனிக்க வேண்டியது. டாருக்குத் தனியாக ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குடிகாரத் தாய், அடிக்கும் தந்தை என்ற வீட்டிலிருந்து தப்பி வந்த மென்மையான பையன், போகப்போக எந்தெந்தப் பழக்கத்தில் அந்த வீட்டையே திரும்பக் கட்டுகிறான் என்பதை அங்கே சேர்த்து வையுங்கள். அவன் தந்தையும் கடைசிப் பகுதியில் பேசுகிறார். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கட்டுரையின் நல்ல பத்தி பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

நம் வாசகர்களுக்குப் புரியாத இடங்கள் சில உண்டு. அடுத்தவர் வீட்டில் பிள்ளைகள் குடியேறியும் போலீஸ் ஏன் உடனே தூக்கவில்லை? கதை நடக்கும் 1980களின் இங்கிலாந்தில் காலி வீட்டில் குடியேறுவது குற்றவியல் குற்றமல்ல. குடியிருப்பு வீடுகளுக்கு அது குற்றமானது 2012இல்தான். 1980களின் தொடக்கத்திலேயே பிரிட்டனில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நம் ஊரில் பிரவுன் சுகர் என்கிறோமே, அந்த வகை ஹெராயின் அப்போது அங்கே ஏராளமாக வந்து இறங்கியது. அதைப் புகையாகவும் இழுக்கலாம் என்பதால் ‘ஊசி போடுபவன்தான் அடிமை’ என்று தங்களுக்கே சமாதானம் சொல்லிக்கொள்ள வழி இருந்தது.

மருத்துவ விவரம் கொஞ்சம் தெரிந்திருந்தால் பாத்திரங்களைக் கோழைகள் என்று திட்டும் தவறு நேராது. ஹெராயின் நின்ற 8 முதல் 12 மணி நேரத்தில் வித்ட்ராயல், அதாவது பழகிய போதை கிடைக்காமல் உடம்பு படும் அவதி, தொடங்கும்: மூக்கொழுகல், குளிர், வயிற்றுப்போக்கு, உடம்பு முழுக்க வலி. இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், ஒரு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். ஆனால் தூக்கமின்மையும் ஏக்கமும் அதற்குப் பிறகும் நீடிக்கும். இன்னொன்று, சில வாரம் விட்டவருக்குத் தாங்கும் அளவு குறைந்துவிடும். பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்று போகலாம். விட்டுத் திரும்பும் காட்சிகளை இந்த விவரத்தோடு படித்தால் பயம் வேறு மாதிரி இருக்கும்.

குழுவாகப் பேசுவதானால் எட்டு முதல் பத்துப் பேர், நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்பது சரியாக வரும். பதினைந்து வயதுக்குக் கீழே வேண்டாம். பாலியலும் வன்முறையும் கெட்ட வார்த்தையும் இருப்பதைப் பெற்றோருக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போடும் பத்திகளைச் சத்தமாக வாசிக்க வைக்காதீர்கள். விட்டு மீண்டு வருபவர் யாராவது உட்கார்ந்திருந்தால் அந்த விவரணையே ஏக்கத்தைக் கிளப்பும். “உங்களில் யாராவது எடுத்திருக்கிறீர்களா?” என்ற கேள்வியும் கூடாது. கேட்டால் ஒருவர் பொய் சொல்வார், மற்றவர்கள் அவரையே பார்ப்பார்கள். “வானி இடத்தில் நீங்கள் இருந்தால் ஜெம்மாவின் வீட்டுக்குச் சொல்வீர்களா?” என்று கேளுங்கள், பேச்சு தானாக வளரும். அமர்வு முடிந்து ஒரு பிள்ளை தனியாக வந்து எதையாவது சொன்னால் அறிவுரையை ஆரம்பிக்காமல் முழுவதும் கேளுங்கள். “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள், காப்பாற்ற முடியாது. இந்தியாவில் போதை மீட்புக்கான இலவச எண் 14446.

கட்டுரை 600 சொல் என்றால் கதைச் சுருக்கத்துக்கு 100க்கு மேல் கொடுக்காதீர்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு பேர் சொல்லும் இடம் ஒன்றை எடுத்து 300 சொல்லில் பிரித்துப் பாருங்கள். மீதியில், நீங்கள் யாரை நம்பினீர்கள், எந்தப் பக்கத்தில் அந்த நம்பிக்கை விட்டுப்போனது என்று பக்க எண்ணோடு எழுதுங்கள்.