கார்பன் குழாய் ஒட்ட தங்கூசி போதும்

ரேஸ் கார் சஸ்பென்ஷனுக்கு கார்பன் ஃபைபர் குழாயில் அலுமினிய இன்செர்ட்டை (குழாய் முனைக்குள் செருகும் துண்டு) ஒட்டும்போது, குளச்சல், முட்டம் பக்கம் தூண்டில் போடுபவர்கள் வாங்கும் 0.2 மி.மீ. தங்கூசியில் (நைலான் தூண்டில் நரம்பு) மூன்று துண்டு வெட்டி, அசிட்டோனால் துடைத்து, இன்செர்ட்டின் மேல் நீளவாக்கில் சம இடைவெளியில் வையுங்கள். இன்செர்ட் நடுவில் நிற்கும். எபாக்ஸி பசை சுற்றிலும் ஒரே கனத்தில் இருக்கும். வளையமாகச் சுற்றாதீர்கள், உள்ளே தள்ளும்போது பசையை வழித்துவிடும். அதைவிட முக்கியம், கார்பன் அலுமினியத்தைத் தொட்டால் நம் கடற்கரை உப்புக்காற்றில் அலுமினியம்தான் அரிக்கும். தங்கூசி இரண்டையும் தொடவிடாது.

இன்செர்ட்டின் விட்டம் குழாயின் உள்விட்டத்தைவிட 0.4 மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் குறைந்திருந்தால்தான் இது பொருந்தும். இடைவெளி காக்கும் கண்ணாடி மணி கலந்தே வரும் பசைக்குத் தங்கூசி தேவையில்லை. அதிக சூட்டில் இறுகும் எபாக்ஸிக்கு வேண்டவே வேண்டாம், நைலான் சுருங்கிவிடும்.