சோழர் காலக் கதைக்குக் கல்வெட்டைத் துணைக்கு வைப்பது எப்படி: நாவல் முதல் திரை வரை

சோழர் காலத்தில் கதை எழுதப் போகிறவர் முதல் அத்தியாயத்துக்கு முன்னால் ஓர் அட்டவணை போட்டுவிட வேண்டும். நான்கு நெடுவரிசைகள் போதும்: ஆள் அல்லது பொருள், சான்று இருக்கும் இடம், சான்றின் ஆண்டு, தரம். தரத்துக்கு மூன்று எழுத்துகள். கல்லோ செப்பேடோ அகழாய்வோ நேராகச் சொன்னால் 'க'. அதிலிருந்து நியாயமாக ஊகிக்க முடிந்தால் 'ஊ'. முழுக் கற்பனை என்றால் 'பு'. இந்த மூன்றில் எதுவும் மட்டமில்லை. எது எந்த வகை என்று எழுதுகிறவருக்கே மறந்துபோனால்தான் சிக்கல். நாவலில் தொடங்கும் மறதி திரைக்கதைக்குப் போய், பார்க்கிறவர் மனத்தில் வரலாறாகவே உட்கார்ந்துவிடும்.

எல்லோருக்கும் தெரிந்த பொன்னியின் செல்வனை வைத்தே பழகிப் பாருங்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்து, 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களான கதை அது. வந்தியத்தேவன் பெயர் 'க': தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று குறிக்கிறது. அவனுடைய குறும்பும் குதிரைப் பயணமும் 'பு'. அமைச்சர் அநிருத்தர் 'க', அன்பில் செப்பேடு இருக்கிறது. நந்தினியும் பூங்குழலியும் 'பு'. அருள்மொழி (பின்னாளில் முதலாம் இராஜராஜன்) அரியணையைச் சித்தப்பா உத்தம சோழனுக்கு விட்டுக்கொடுத்த செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் வருவதால் 'க' என்று போடலாம். ஆனால் அந்தச் செப்பேடு அவர் மகன் இராஜேந்திரனின் 6ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. மகன் காலத்தில் தந்தையைப் புகழ்ந்து எழுதியது என்ற குறிப்பையும் பக்கத்தில் சேர்க்க வேண்டும். அட்டவணையின் மூன்றாவது நெடுவரிசை இதற்காகத்தான்.

மூலத்தை முழுதாகப் படிப்பது

கல்வெட்டு வாசகங்கள் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதிகளில் அச்சாகியுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு 2ஆம் தொகுதி, திருவாலங்காட்டுச் செப்பேட்டுக்கு 3ஆம் தொகுதி. மாநிலத் தொல்லியல் துறையின் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் கிடைக்கின்றன. அச்சில் சதுர அடைப்புக்குள் வருவது கல்லில் மங்கிப்போன எழுத்து. நட்சத்திரக் குறியோடு வருவது பதிப்பாசிரியர் சேர்த்தது. கதையின் முடிச்சே அப்படி ஓர் அடைப்புக்குள் இருந்தால் அதை 'ஊ' என்று இறக்கிவிடுங்கள்.

மேற்கோளாக வரும் ஒரு வரியோடு நின்றுவிடக் கூடாது. காட்டுமன்னார்கோயிலில் உள்ள உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றி எழுதும் எல்லோரும் இதைத்தான் நாடுகிறார்கள். முதலாம் இராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு, அதாவது 986-87 அளவில். 'பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன், இன்னொரு தம்பி பரமேஸ்வரனான இருமுடிச்சோழப் பிரம்மாதிராஜன் என்று பெயர்கள் வருகின்றன. அவர்களுடையதும் உறவினருடையதுமான சொத்தைப் பறிக்கும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்குப் போன அரசாணை அது. ஆனால் அதைக் கல்லில் வெட்டியதன் காரணம் வேறு. அப்படிப் பறித்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலுக்கு அறமாகக் கொடுத்தார். அந்த நிலம் கைமாறிய கதையைச் சொல்லத்தான் ஆணை அங்கே இடம்பெறுகிறது. ஏறத்தாழ ஒரு பத்திரப் பதிவு.

இந்தக் கல் சொல்லாதவற்றையும் தனியாக எழுதி வையுங்கள்: கொலை எங்கே நடந்தது, எப்படி, எதற்காக, ஏவியவர் யார். உத்தம சோழன் மீது சந்தேகத்தை வைத்தார் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி. அதை மறுத்த ஆய்வாளர்களும் உண்டு. இந்தப் பக்கம் சாய்வதா அந்தப் பக்கமா என்பது உங்கள் கதைக்கான தேர்வு. ஒன்று மட்டும் கல்லிலேயே இருக்கிறது: 'பிரம்மாதிராஜன்' என்பது உயர் அதிகாரிகளுக்கு அரசன் தரும் பட்டம். ஆகவே கொலையாளிகளை அரண்மனைக்குள் புகுந்த வெளியாட்களாகவே காட்டினால், கல் தரும் மிக நல்ல நாடகத்தைக் கைவிட்டவர் ஆவீர்கள். அரசன் பட்டம் கொடுத்த ஆட்களே அரசன் மகனைக் கொன்றிருக்கிறார்கள்.

காலத்தைப் பிடிப்பது

கல்வெட்டில் கி.பி. வராது, ஆட்சியாண்டுதான் வரும். சோழர்கள் இராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டதால் 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்தால் அது முதலாம் பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம். அடைமொழியைப் பாருங்கள்: 'மதிரை கொண்ட' என்றால் பராந்தகன், 'பாண்டியன் தலைகொண்ட' என்றால் ஆதித்த கரிகாலன். 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி (அரசனைப் புகழும் முகப்பு வரிகள்) தொடங்கினால் இராஜராஜன். அடைமொழி இல்லாத கல்லை வைத்துத் தேதி குறித்தால் கதை அரை நூற்றாண்டு தள்ளிப்போகக்கூடும்.

அகழாய்வுத் தேதியில் வேறு விதமான பிழை நேர்கிறது. கீழடியின் கி.மு. 580 என்ற ஆண்டு, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரிக்கு உரியது. மேலடுக்குகளில் கிடைத்த பொருள்கள் அதற்குப் பிந்தியவை. 'கீழடிப் பொருள்' என்றாலே எல்லாம் ஒரே காலம் என்று எடுத்துக்கொள்ளாமல், அறிக்கையில் பொருளின் ஆழத்தையும் மண்ணடுக்கையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு-சிவப்புப் பானையும் தமிழி எழுத்தும் சங்க காலக் கதைக்குப் பொருந்தும். சோழர் அடுக்களையில் அவற்றை வைத்தால் ஆயிரம் ஆண்டு பிசகிவிடும்.

அன்றாடத்தைக் கல்லிலிருந்து எடுப்பது

போர், சதி எல்லாவற்றையும்விடக் கல்வெட்டு அள்ளித் தருவது அன்றாட வாழ்க்கையை. தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல்மகளிரின்) பட்டியல் இருக்கிறது. 'தெற்குத் தளிச்சேரி தென்சிறகு தலைவீடு நக்கன் சேரமங்கை, இரண்டாம் வீடு நக்கன் இரணமுகராமி' என்று வீடு வீடாகப் போகிறது. தெருவின் பெயர், அதன் இரு சிறகுகள், வீட்டு வரிசை, குடியிருந்தவர் பெயர் எல்லாம் கையில் கிடைக்கின்றன. காகிதத்தில் கோடு போட்டு வீடுகளை நிரப்பினால் கதாபாத்திரம் நடந்துபோக ஒரு தெரு தயாராகிவிடும். பெயர்களையும் இங்கிருந்தே எடுங்கள். நக்கன் எடுத்தபாதம் என்ற பெயரின் அழகுக்கு எந்தக் கற்பனைப் பெயரும் ஈடாகாது. சங்க காலத்துக்கு என்றால் கீழடிப் பானையோடுகளில் குவிரன், ஆதன் என்ற பெயர்கள் உள்ளன.

பணக்கணக்கும் அங்கேயே இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஒரு காசுக்கு 2 கலம் நெல் என்ற விலையும் அதே கோயில் கல்வெட்டுகளில் தெரிகிறது. ஆக ஒருத்தியின் ஆண்டு வருமானம் 50 காசு. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் லஞ்சமாக எவ்வளவு கொடுத்தான், பரிசு எவ்வளவு பெரியது என்பதையெல்லாம் கணக்கோடு எழுதலாம். 'ஆயிரம் பொற்காசு' என்று அள்ளி வீசத் தோன்றாது. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு (அணையா விளக்கு) எரிய 96 ஆடுகள் விடுவார்கள், நாளுக்கு ஓர் உழக்கு நெய். பகைவனைக் கொன்ற பாவத்துக்கு விளக்கு வைக்கிறான் என்று ஒரு காட்சி எழுதினால், மந்தையை ஓட்டிவரும் இடையனும் அதில் வர வேண்டும்.

ஊர்ச்சபைக் காட்சிக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆண்டுகள். கால் வேலிக்கு மேல் வரிகட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது என்று தகுதிகள் தெளிவாக உள்ளன. இருபது வயது இளைஞனைக் குடவோலையில் உறுப்பினனாக்கினால் அங்கேயே பிடிபட்டுவிடும்.

சமையலறையில் ஒரே விதி: மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, கொய்யா, நிலக்கடலை, மக்காச்சோளம் எதுவும் வேண்டாம். எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து, போர்த்துகீசியர் இங்கே வந்த பிறகு வந்தவை. காரத்துக்கு மிளகு.

திரைக்குப் போகும்போது

நாவலில் 'அரண்மனைக்குள் நுழைந்தான்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். கேமரா அப்படி விடாது. சுவர் எதனால் ஆனது என்று கேட்கும். சோழர் கருங்கல்லை இறைவனுக்குத்தான் வைத்தார்கள். அரசன் குடியிருந்தது செங்கல், மரம், ஓட்டுக்கூரை. கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் மாளிகைமேட்டில் 1980 முதல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது வெளிவந்தவை செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும். இதனால்தான் கோயில்கள் நிற்க, மாளிகைகள் காணாமல் போயின. கலை இயக்குநர் கோயில் மண்டபத்தைப் பார்த்து அரண்மனை போட்டால் பிரம்மாண்டம் வரும், சோழர் வீடு வராது. செதுக்கிய மரத்தூண், சுண்ணம் பூசிய செங்கற்சுவர், சரிவான ஓட்டுக்கூரை, முற்றத்தில் விழும் வெயில்: இதிலேயே அசத்தலான அரண்மனை கட்ட முடியும், செலவும் குறையும்.

இடம் பார்க்கப் போகும்போது பின்வருவனவற்றைச் சரிபாருங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலின் கலசம் ஏறியது இராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், 1010இல். சுந்தர சோழர் காலக் கதையில் தூரக்காட்சியாகக்கூட அந்த விமானம் வரக்கூடாது. இராஜேந்திரன் காலத்துக் காட்சி என்றாலும் பெரிய நந்தியும் முருகன் சந்நிதியும் கோட்டைச்சுவரும் நாயக்கர் காலத்தவை. கோயிலை ஒட்டி ஓடும் புது ஆறு, மேட்டூர் அணையோடு சேர்ந்து 1934 வாக்கில் வெட்டிய கல்லணைக் கால்வாய். வீரன் குதிரையில் அதைத் தாண்டுவதாக எடுத்தால் பாவம், அவன் இருபதாம் நூற்றாண்டைத் தாண்டுகிறான். இன்றைய காவிரியில் தண்ணீர் எப்போது வரும் என்பதை அணை தீர்மானிக்கிறது. அன்று ஆடியில் தென்மேற்குப் பருவமழை தீர்மானித்தது. கதையின் மாதமும் ஆற்றின் நிலையும் ஒத்துப்போகட்டும்.

அடுத்து செடிகொடி. சட்டகத்தின் ஓரத்தில் சீமைக்கருவேலம், யூகலிப்டஸ், காகிதப்பூ, குல்மோகர் நின்றால் கிராபிக்ஸில் அழிக்க வேண்டியிருக்கும். கோயில் காட்சிகளில் தவறாமல் வைக்கும் பெருங்கள்ளிப் பூமரமும் (ஃபிராங்கிபானி) செண்டுமல்லி மாலையும்கூட அமெரிக்கக் கண்டத்துச் செடிகளே. மல்லிகை, அலரி, தாமரை, கொன்றை என்று தைரியமாகப் போகலாம்.

எழுத்து. ஓலையோ கல்லோ அண்மைக்காட்சியில் வந்தால் இன்றைய அச்செழுத்து கூடாது. அக்கால எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகார வேறுபாடு தெரியாது, வடமொழிச் சொல் கிரந்தத்தில் வரும், பாண்டிய நாட்டில் வட்டெழுத்து. கல்வெட்டு அறிந்த ஒருவரிடம் நான்கு வரி எழுதி வாங்கி அதையே அச்சு எடுத்து வெட்டச் சொல்லுங்கள்.

உடைக்கும் தலைமுடிக்கும் நல்ல மூலம், பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய உள் சுற்றில் நாயக்கர் ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழர் ஓவியங்கள். சுந்தரர் கதைக் காட்சியில் குடையும் ஓலையுமாகக் கல்யாணப் பந்தலுக்கு வந்து வழக்காடும் முதியவரையும் அவரைச் சூழ நிற்கும் கூட்டத்தையும் உற்றுப் பாருங்கள். சாதாரண மனிதர் எப்படிக் கட்டி, முடித்து, நின்றார் என்பது தெரியும். செப்புத்திருமேனிகள் தெய்வங்களுக்கு உரியவை, அவற்றின் அணிகலனை அப்படியே இளவரசிக்குப் போடுவது 'ஊ' வகைதான். நகையில் பட்டை தீட்டி மின்னும் வைரம் வேண்டாம், அந்த வெட்டு பிற்காலத்தது. முத்தும் பவளமும் போதும்.

பாத்திரங்களை இணைக்கும்போது அட்டவணையை மறுபடி எடுங்கள். ஐந்து பாக நாவலை இரண்டு படமாக்கினால் ஆட்கள் குறைந்தே ஆக வேண்டும். 'பு' ஆளை இன்னொரு 'பு' ஆளோடு சேர்க்கலாம். 'க' ஆளின் செயலை இன்னொரு 'க' ஆளுக்குக் கொடுத்தால் இரண்டு கல்வெட்டுகளுக்கும் முரணாகிவிடும். பயணநேரத்தையும் பாருங்கள்: காட்டுமன்னார்கோயிலிலிருந்து தஞ்சை சுமார் 80 கி.மீ., ஒரே குதிரையில் களைப்பின்றிப் போக இரண்டு நாள். மாட்டுவண்டி நாளுக்கு 20, 25 கி.மீ. தாண்டாது. படத்தொகுப்பில் இதைச் சுருக்கலாம், வசனத்தில் 'இன்று மாலைக்குள் வந்துவிடுகிறேன்' என்று சொல்ல விடக்கூடாது.

அனுமதி வேலையை முன்கூட்டியே தொடங்குங்கள். தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் போன்ற மத்தியத் தொல்லியல் துறை இடங்களில் படம்பிடிக்க முன் உரிமம் வேண்டும். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடை. மாளிகைமேடு மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் விண்ணப்பம் வேறு இடத்துக்குப் போக வேண்டும். வழிபாடு நடக்கும் கோயில் என்றால் கோயில் நிர்வாகத்தின் சம்மதமும் தேவை. உரிமம் கிடைத்தாலும் தரையில் ஆணி அடிப்பது, சுவரில் விளக்கைச் சாய்ப்பது, ஓவியத்துக்கு எதிரே சூடான விளக்கு வைப்பது எதையும் செய்யாதீர்கள். நெருக்கமாக எடுக்க வேண்டியதை அளவெடுத்து வந்து அரங்கில் போட்டுக்கொள்ளலாம்.

அட்டவணையை நாவலின் கடைசியில் இரண்டு பக்கமாகச் சேர்த்து அச்சிடுங்கள். திரைக்கதையாக இருந்தால் கலை, உடை, வசனம் மூன்று குழுவுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்து, படப்பிடிப்பில் ஏதாவது மாறினால் அன்றைக்கே தரத்தையும் மாற்றி எழுதுங்கள்.