ஒரே காவிப் பொடியில் பல பழுப்புகள்

ஓவிய வண்ணத்துக்கு 'ரா சியன்னா' என்ற மஞ்சள் பழுப்பு மண் பொடி அல்லது மஞ்சள் காவிப் பொடி ஒன்றை மட்டும் வாங்குங்கள். 'பர்ன்ட் சியன்னா' என்ற செம்பழுப்புப் பொடி தனியாக வேண்டாம். பழைய இரும்பு வாணலியில் பொடியை மெல்லிய படலமாகப் பரப்பி, பெருந்தீயில் கிளறிக்கொண்டே வறுத்தால் அதுவோ அதையொத்த நிறமோ கிடைத்துவிடும்.

இந்த மண்ணின் மஞ்சளுக்குக் காரணம் கோதைட் என்ற, நீர் பிணைந்த இரும்பு ஆக்சைடு. ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் அந்த நீர் வெளியேறி, அது சிவந்த ஹெமடைட்டாக மாறுகிறது. இத்தாலியின் சியன்னா மண்ணையும் இப்படிச் சுட்டுத்தான் சிவக்க வைத்தார்கள். நடுநடுவே ஒரு சிட்டிகை எடுத்துக் காகிதத்தில் தனித்தனியே வையுங்கள். மஞ்சளுக்கும் செம்பழுப்புக்கும் இடையே அருமையான நிறங்கள் அமையும். சூட்டில் நிறம் கருத்துத் தெரியும். ஆறிய பிறகே முடிவு செய்யுங்கள்.

இது இயற்கை மண் பொடிக்கு மட்டுமே. ட்யூப் வண்ணங்களுக்கு உதவாது. கேட்மியம், குரோம் மஞ்சள் பொடிகளை ஒருபோதும் சூடாக்காதீர்கள், அவை நச்சு. உறையில் என்ன பொருள் என்று எழுதாத பொடியையும் தவிர்த்துவிடுங்கள். முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் வறுங்கள். அந்த வாணலி மறுபடி சமையலுக்கு வரக்கூடாது.